இல்லத்திற்கேற்ற அணுகுமுனை: தேர்ந்தெடுக்கும் முறை

2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கர்நாடகத்தில் பிஎஸ்என்எல் அகலப்பட்டை இணைப்பைப் பெற்றிருந்த வாடிக்கையாளர் பலரின் மோடம்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் செயலிழந்தன. மழையோ மின்தடையோ அதற்குக் காரணமன்று. இணையத்தின் வழியே பரவிய தீநிரல் ஒன்று, தொழிற்சாலையில் இடப்பட்ட ‘அட்மின்’ என்னும் கடவுச்சொல் மாற்றப்படாமலிருந்த மோடம்களைத் தேடிப் புகுந்து அவற்றை முடக்கியது. பழைய கடவுச்சொல்லை மாற்றிவிடுமாறு அந்நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

நம் இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலோ, செருப்பு அலமாரிக்கு மேலோ விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அச்சிறு பெட்டியின் வழியாகவே இன்று நம் வங்கிக் கணக்கு வீட்டிற்குள் வருகிறது. மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், முதியோரின் ஓய்வூதிய விவரம், வைப்புநிதிப் புதுப்பிப்பு ஆகிய யாவும் அதனூடே செல்கின்றன. ஆயினும் இணைப்பு வழங்கியவர் கொடுத்த பெட்டியை அவர் வைத்த இடத்திலேயே விட்டுவிடுவது, வேகம் போதவில்லையெனில் கடையில் இருப்பவற்றுள் பெரிய எண் அச்சிட்ட ஒன்றை வாங்கிவருவது என்னும் இரண்டே வழக்கங்கள் நம்மிடையே பெருகியுள்ளன. இரண்டும் பணத்தையும் பாதுகாப்பையும் வீணாக்கக்கூடியவை. முதலில் வீட்டை அளந்து, பின்னர்க் கருவியைத் தேர்வதே முறை. அம்முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

ஒரு பெட்டி, மூன்று பணிகள்

இணைப்பு நிறுவனம் தரும் பெட்டி பெரும்பாலும் மூன்று பணிகளைச் சேர்த்துச் செய்கிறது. கண்ணாடி இழையின் வழியே வரும் ஒளிக்குறிகளை மின்குறிகளாக மாற்றுவது முதற்பணி. வீட்டிலுள்ள கைபேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றிற்கு உள்முகவரி வழங்கி, வரும் தகவலை உரியவற்றிற்குப் பிரித்து அனுப்புவது இரண்டாவது. இதுவே ரவுட்டரின் பணி. அக்கருவிகளோடு கம்பியின்றி வானலை வழியே உரையாடுவது மூன்றாவது. இம்மூன்றாவது பணியைச் செய்யும் உறுப்பே அணுகுமுனை. கடைகளில் இதனை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்பர்.

“உள்ளறையில் வைஃபை எட்டவில்லை” என்று முறையிடும் இல்லங்களில் பெரும்பாலும் குறைவது இம்மூன்றாவது பணி மட்டுமே. அதனை அறியாது இன்னொரு முழு ரவுட்டரை வாங்கிப் பழையதோடு இணைத்தால், இரண்டு பெட்டிகளும் தனித்தனியே முகவரி வழங்கத் தொடங்கும். அதன்பின் மேல்தளத்துக் கணினிக்குக் கீழ்த்தளத்து அச்சுப்பொறி தென்படாது. ஆதலால் புதிதாக வாங்குவது தனி அணுகுமுனையாக இருக்க வேண்டும். அல்லது ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ என்னும் அமைப்பு உடைய ரவுட்டராக இருந்து, அவ்வமைப்பில் வைக்கப்பட வேண்டும்.

அலையின் இயல்பு

நம் நாட்டில் வைஃபைக்கு முதன்மையாகப் பயன்படுபவை இரண்டு அலைக்கற்றைகள். 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள கற்றை 2005ஆம் ஆண்டிலேயே உரிமத் தேவையிலிருந்து விலக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 5150 முதல் 5350 வரையும் 5470 முதல் 5875 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ்கள் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் விரிவாகத் திறந்துவிடப்பட்டன. முதலாவதன் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்; இரண்டாவதன் அகலம் 605 மெகாஹெர்ட்ஸ். முன்னது குறுகிய சந்து, பின்னது அகன்ற சாலை எனலாம்.

அச்சந்தில் ஒன்றோடொன்று மோதாமல் செல்லத்தக்க தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நின்று கைபேசியைத் திறந்தால் இருபது முப்பது இணைப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். அத்தனையும் அம்மூன்று தடங்களையே பங்கிட்டுக்கொள்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு வேகம் குறைவதற்கு இணைப்பு நிறுவனம் மட்டுமே காரணம் என்று கருதுவது எப்போதும் சரியன்று.

மறுபுறம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஏறத்தாழ பாதி. நீளம் குறைந்த அலை சுவரைக் கடக்கையில் கூடுதலாக வலுவிழக்கும். பெங்களூரின் வீடுகளில் திடமான கான்கிரீட் கட்டிகளால் எழுப்பிய சுவர்கள் மிகுதி. தளங்களோ இரும்புக் கம்பி வேய்ந்த கான்கிரீட் பலகைகள். மரச் சட்டத்தில் மெல்லிய பலகை அறைந்து கட்டப்படும் அயல்நாட்டு வீடுகளை மனத்திற்கொண்டு, பெட்டியின்மேல் ‘இத்தனை சதுர அடிக்குப் போதும்’ என்று அச்சிடப்படும் அளவு, நம் வீட்டிற்கு அப்படியே பொருந்தாது. ஆள்உயரக் கண்ணாடி, குளிர்பதனப் பெட்டி, நீர்த்தொட்டி, இரும்பு அலமாரி ஆகியவையும் அலைக்குத் தடைகளே.

இங்கு ஒரு பொதுத் தவற்றைச் சுட்டவேண்டும். “ஆற்றல் மிகுந்த பெட்டியை வாங்கினால் எல்லா அறைகளுக்கும் எட்டும்” என்பர். வைஃபை ஒருவழிப் பேச்சன்று, இருவர் உரையாடல். பெட்டி உரக்கக் கூவினால் அது கைபேசிக்குக் கேட்கும். ஆனால் சிறு மின்கலத்தில் இயங்கும் கைபேசி அதே வலிமையோடு மறுமொழி கூற இயலாது. கைபேசியின் திரையில் முழுக் கோடுகள் தெரிந்தும் பக்கம் திறவாமல் சுழன்றுகொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஓரிடத்திலிருந்து உரக்கப் பேசும் ஒரு பெட்டியைவிட, வேண்டிய இடங்களில் அளவாகப் பேசும் இரண்டு பெட்டிகள் மேலானவை.

முதலில் அளந்து பாருங்கள்

வீட்டை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வைஃபையின் வலிமையைக் காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குக் கிடைக்கின்றன. உரிய செயலிக் கடையிலிருந்து மட்டுமே அவற்றைப் பெறுக. வலிமை டெசிபல் அளவில், கழித்தல் குறியோடு காட்டப்படும். சுழியத்தை நெருங்க நெருங்க வலிமை மிகும். -50 மிக நன்று. -67 வரை காணொளி உரையாடல் தடையின்றி நடக்கும். -75ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். -80க்கு அப்பால் இணைப்பு இருந்தும் இல்லாதது போன்றதே. ஒவ்வொரு 3 டெசிபல் இழப்பும் ஆற்றலைப் பாதியாக்கும். 10 டெசிபல் இழப்பு அதனைப் பத்தில் ஒன்றாக்கும். எனவே -50க்கும் -80க்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு.

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைத் தோராயமாக வரைந்துகொள்ளுங்கள். அறைதோறும் கதவுகளை மூடிவைத்து, நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் நின்று, இரண்டு கற்றைகளுக்கும் தனித்தனியே எண்ணைக் குறியுங்கள். அரைமணி நேரப் பணி இது. இத்தாள் கையிலிருந்தால் கடைக்காரர் சொல்வதில் எது தேவை, எது தேவையற்றது என்பது தானே விளங்கும்.

பெட்டியின்மேல் உள்ள எண்

‘ஏஎக்ஸ் 3000’ என்று அச்சிட்ட பெட்டியைக் கண்டு, நொடிக்கு 3000 மெகாபிட் கிடைக்கும் என்று எண்ணுதல் இயல்பு. அந்த எண் ஒரு கூட்டுத்தொகை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எனக் கோட்பாட்டளவில் உள்ள உச்ச வேகங்களைக் கூட்டி, முழு எண்ணாக்கி அச்சிடுகின்றனர். ஒரு கைபேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கற்றையில்தான் இணைகிறது. அதிலும் எண்ணில் கண்ட வேகம் முழுதும் கைக்கு வருவதில்லை. தகவலோடு செல்லும் கட்டுப்பாட்டுக் குறிகளும், பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் நேரமும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்.

இதைவிட நுட்பமான குறை ஒன்று பெட்டியின் பின்புறத்தில் உள்ளது. மலிவான சில கருவிகளில் கம்பி செருகும் துளைகள் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தமாட்டா. முன்புறத்தில் 1200 என்று அச்சிட்டிருந்தாலும், 200 மெகாபிட் திட்டத்திற்குப் பணம் செலுத்துபவர் அதன்வழிப் பெறுவது 100க்கும் குறைவே. ‘ஜிகாபிட் போர்ட்’ என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என முதலில் பாருங்கள்.

தலைமுறையைப் பொறுத்தவரை, வைஃபை 5 என்பது 2013இலும், வைஃபை 6 என்பது 2019இலும், வைஃபை 7 என்பது 2024இலும் சந்தைக்கான சான்றோடு நிலைபெற்றவை. பல கருவிகள் ஒருங்கே இயங்கும் இல்லத்திற்கு வைஃபை 6 தக்கது. அது ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குத் தடத்தைப் பங்கிட்டுத் தரும் திறனுடையது. வைஃபை 7 பெட்டியை வாங்கினும், வீட்டிலுள்ள கைபேசிகள் பழைய தலைமுறையைச் சேர்ந்தவையாயின் கூடுதல் விலைக்கேற்ற பயன் உடனே கிட்டாது. மேலும், 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 6 கிகாஹெர்ட்ஸ் கீழ்ப்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2025ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வெளியிட்டது. ஆதலால் அயல்நாட்டிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் கருவியில் அந்நாட்டு அலைவரிசை அமைப்பு இருக்கக்கூடும். இந்தியாவில் விற்பனைக்கென ஒப்புதல் பெற்ற கருவியையே தேர்தல் நலம்.

கம்பியா, மெஷ்ஷா, ரிப்பீட்டரா?

எட்டாத அறைக்கு அலையைக் கொண்டுசெல்ல மூன்று வழிகள் உள்ளன.

மின்துளையில் செருகும் ரிப்பீட்டர் விலை குறைந்தது. ஆனால் அது கேட்டதையே திரும்பச் சொல்வது. பெரும்பாலும் ஒரே தடத்தில் கேட்டும் பேசியும் இயங்குவதால் வேகம் பாதியாகும். வலுவற்ற இடத்திலேயே அதனைச் செருகுவோர் பலர். சரியாகக் கேளாததை அது எவ்வாறு திரும்பச் சொல்லும்?

மெஷ் என்னும் தொகுப்பில் இரண்டு மூன்று பெட்டிகள் ஒன்றோடொன்று கம்பியின்றிப் பேசி ஒரே வலையாகச் செயற்படும். அமைப்பது எளிது. சுவரில் துளையிட இயலாத வாடகை வீட்டிற்கு இது ஏற்றது. ஆயினும் இரு பெட்டிகளுக்கு நடுவே கான்கிரீட் தளம் குறுக்கிடின், அவற்றின் உரையாடலும் தளரும்.

கம்பி இழுத்து, அதன் முனையில் அணுகுமுனை வைப்பதே மூன்றினுள் உறுதியானது. ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ வகைச் செம்புக் கம்பி 100 மீட்டர் தொலைவு வரை ஜிகாபிட் வேகத்தைக் குறையாது கடத்தும். அதே கம்பியில் மின்னாற்றலையும் அனுப்பும் ‘பிஓஇ’ வசதியுள்ள அணுகுமுனையாயின், கூரையின் நடுவில் மின்துளை இல்லாத இடத்திலும் பொருத்தலாம். வீடு கட்டுவோர் மின்கம்பி பதிக்கும்போதே ஒவ்வொரு தளத்தின் நடுவிற்கும் ஒரு காலிக் குழாய் விட்டுவைப்பின், பிற்காலத்தில் சுவரை உடைக்கும் செலவு மிஞ்சும். பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கூடிய மழை மிகுதி. ஆகவே செம்புக் கம்பியை வீட்டின் வெளிப்புறமாக மாடிக்கு இழுப்பதைத் தவிர்த்து, உட்புறப் படிக்கட்டு வழியே கொண்டுசெல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

பெங்களூரில் மிகுதியாகக் காணப்படும் 30க்கு 40 அடி மனையில் எழுந்த மூன்று தள வீடு ஒன்றை மனத்திற்கொள்வோம். தரைத்தளத்தில் வாடகைக் குடும்பம். முதல் தளத்திலும் இரண்டாம் தளத்திலும் உரிமையாளரின் குடும்பம். தெருக் கம்பத்திலிருந்து வரும் இழை, முதல் தளத்துக் கூடத்தின் முன்மூலையில் நுழைகிறது. அளந்ததில் கூடத்தில் -42, சமையலறையில் -60, பின்னறையில் -72, இரண்டாம் தளத்து அறையில் -84 என வந்தது எனக் கொள்வோம்.

இக்குடும்பம் மூன்று பெட்டி மெஷ் தொகுப்பை வாங்க எண்ணுகிறது. அளவுத்தாள் வேறு விடை கூறுகிறது. முதற்படியாக, தொலைக்காட்சி அலமாரிக்குள் இருக்கும் பெட்டியை வெளியே எடுத்து, நடைவழியின் மேற்புறத்தில் வைக்க வேண்டும். அலை கடக்க வேண்டிய சுவர் ஒன்று குறைந்தாலே பின்னறையின் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்கு இழை வடத்தைச் சில மீட்டர் நீட்டும் செலவே ஆகும். இரண்டாம் படியாக, படிக்கட்டு வழியே ஏறத்தாழ 15 மீட்டர் கேட் 6 கம்பியை மேலே கொண்டுசென்று, இரண்டாம் தளத்தின் நடுவில் ஓர் அணுகுமுனை வைக்க வேண்டும். இரண்டிற்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும், ஆனால் வெவ்வேறு தடமும் தரவேண்டும். அவ்வாறு செய்தால் மாடியேறும்போது கைபேசி வலுவுள்ள முனைக்குத் தானே மாறிக்கொள்ளும். மூன்று பெட்டிகள் வாங்க எண்ணிய இடத்தில் ஒன்றே போதுமாயிற்று.

இரண்டு பெட்டிகளுக்கும் சிறிய மின்தேக்க யுபிஎஸ் ஒவ்வொன்று வைத்துக்கொள்வது பயன்தரும். மின்சாரம் நின்றவுடன் பணப்பரிமாற்றம் பாதியில் அறுபட்டு, பணம் சென்றதா இல்லையா என்று தவிக்கும் நிலை நேராது.

கடவுச்சொல்லும் புதுப்பிப்பும்

மேற்கூறிய வீட்டில் ஒரு வினா எஞ்சியுள்ளது. தரைத்தளத்துக் குடும்பம், “உங்கள் வைஃபை கடவுச்சொல்லைத் தாருங்கள்” என்று கேட்டால் என் செய்வது? 2008ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாதில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரது வீட்டுப் பாதுகாப்பற்ற வைஃபை வழியே சென்றது. அவ்வீட்டாருக்கும் அச்செயலுக்கும் தொடர்பில்லை. எனினும் விசாரணை முதலில் வந்து நின்றது அவர் வாசலில்தான். இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ, விளக்கம் கூறவேண்டியவர் அவரே. ஆதலால் குடியிருப்போர் தம் பெயரில் தனி இணைப்புப் பெறுவதே இருவருக்கும் நல்லது. விருந்தினருக்கெனில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்னும் தனிப் பிரிவைத் திறந்து, அவர்கள் சென்றபின் மூடிவிடலாம். தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா, பேசும் பொம்மை ஆகியவற்றையும் அப்பிரிவிலேயே வைப்பின், அவற்றிலுள்ள பழுது உங்கள் கணினியை அணுகாது.

வங்கி வாடிக்கையாளர் நினைவில் கொள்ளத்தக்க இன்னொரு நிகழ்வு பிரேசில் நாட்டினது. 2011ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அங்கு 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட மோடம்களுள் கயவர்கள் புகுந்து, அவற்றிலிருந்த முகவரி வழிகாட்டி அமைப்பை மாற்றினர். வாடிக்கையாளர் வங்கியின் பெயரைப் பிழையின்றித் தட்டச்சு செய்தும், மோடம் அவரைப் போலிப் பக்கத்திற்கு அழைத்துச் சென்றது. கணினியில் எத்துணை நல்ல வைரஸ் தடுப்பு இருப்பினும், பழுது பெட்டியில் இருந்ததால் அது புலப்படவில்லை. இன்று வங்கிப் பக்கங்கள் சான்றிதழ் வழியே தம்மை மெய்ப்பிக்கின்றன. ஆகவே ‘இப்பக்கம் பாதுகாப்பானதன்று’ என்னும் எச்சரிக்கை தோன்றினால், அதனைக் கடந்து செல்லாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பூட்டு முறையிலும் தலைமுறைகள் உண்டு. ‘டபிள்யூஇபி’ என்னும் பழைய முறை 2001லேயே உடைபட்டது. 2004இல் வந்த ‘டபிள்யூபிஏ 2’ நெடுங்காலம் நிலைத்தது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப் அதிலும் ஒரு குறையைக் கண்டு வெளியிட்டார். புதுப்பித்த மென்பொருள் கிடைத்த கருவிகளில் அக்குறை சரிசெய்யப்பட்டது. தயாரிப்பாளர் கைவிட்ட கருவிகளில் அது அப்படியே தங்கிற்று. 2018இல் வந்த ‘டபிள்யூபிஏ 3’ 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் வைஃபை சான்று பெறும் புதிய கருவிகளுக்குக் கட்டாயமாயிற்று. இதிலிருந்து நாம் அறிவது ஒன்று: இன்று குறையற்ற பூட்டிலும் நாளை குறை காணப்படலாம். எனவே அணுகுமுனையை வாங்குகையில் அதன் வேகத்தைவிட, தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்குவார் என்பதே முதன்மையான வினா.

கடைக்குச் செல்லுமுன் ஏழு வினாக்கள்

1. அறைதோறும் அளந்த தாள் கையில் உள்ளதா? இருக்கும் பெட்டியை இடம் மாற்றிப் பார்த்தாயிற்றா?
2. குறைவது அணுகுமுனை மட்டுமா, அன்றி இணைப்புத் திட்டத்தின் வேகமேயா? பெட்டியோடு கணினியைக் கம்பியால் இணைத்துச் சோதித்தால் இது தெளியும்.
3. கம்பி இழுக்க வழியுண்டா? உண்டெனில் மெஷ் தேவையில்லை.
4. கருவியில் ஜிகாபிட் துளையும், 2.4, 5 ஆகிய இரு கற்றைகளும் உள்ளனவா?
5. ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ உண்டா?
6. ‘டபிள்யூபிஏ 3’ உண்டா? புதுப்பிப்பு தானே நிறுவப்படுமா? எத்தனை ஆண்டுகளுக்கு?
7. இந்தியாவில் விற்க ஒப்புதலும், உள்ளூரில் உத்தரவாதமும், உரிய ரசீதும் உண்டா?

பெட்டி வீட்டிற்கு வந்தபின் செய்யவேண்டியவை சிலவே. நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் தனித்தனியே மாற்றுங்கள். வைஃபைக்குப் பல சொற்களைக் கோத்த நீண்ட தொடரை அமையுங்கள். குடும்பத்தார் பிறந்த நாளும் வாகன எண்ணும் வேண்டா. பொத்தானை அழுத்தி இணைக்கும் ‘டபிள்யூபிஎஸ்’ வசதியையும், வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பெட்டிக்கு உங்கள் பெயரையோ கதவு எண்ணையோ சூட்டாதீர்கள். கணக்கில் நீங்கள் அறியாத பற்று எதுவும் தோன்றினால் காலம் தாழ்த்தாது வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணிலும் முறையிடுங்கள்.

2017இல் கர்நாடகத்தில் முடங்கிய மோடம்களுக்கு நேர்ந்ததைத் தவிர்க்க ஐந்து நிமிடமும் ஒரு புதிய கடவுச்சொல்லும் போதுமாயிருந்தன. புதிய கருவி வாங்கும் எண்ணம் இப்போது இல்லாவிடினும், இவ்விதழை மூடிவைத்தவுடன் உங்கள் வீட்டுப் பெட்டியின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கு அச்சிட்டுள்ள கடவுச்சொல்லே இன்றும் வழக்கில் இருப்பின், அதனை இன்றே மாற்றிவிடுங்கள்.